தாஜ்மகாலில் படம் எடுக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் கிடையாது. லீவு கிடைக்கும்போது கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறவன். தாஜ்மகாலுக்கு இதுவரை நான்கு முறை போயிருக்கிறேன்: குளிர்காலத்தில் இரண்டு முறை, மே மாத வெயிலில் ஒரு முறை, மழைக்காலத்தில் ஒரு முறை. ஆக்ராவுக்குக் கிளம்பும் நண்பர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

உலகமே படம் எடுத்துவிட்ட கட்டடம் ஆயிற்றே, நான் போய்ப் புதிதாக என்ன எடுக்கப் போகிறேன்?

இந்தத் தயக்கம் எனக்கும் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்த ஜான் மர்ரே 1850களிலேயே பெரிய பெரிய காகித நெகட்டிவ்களில் தாஜ்மகாலைப் படம் எடுத்திருக்கிறார். அவருக்குப் பிறகு 1860களில் சாமுவேல் போர்ன் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் வந்தார். அன்று தொடங்கியது இன்றுவரை நிற்கவில்லை. குளத்துக்கு நேரே நின்று எடுக்கும் படம் யார் எடுத்தாலும் அதேதான். அதை எடுக்க வெட்கப்பட வேண்டாம், ஆசை தீர எடுத்துவிடுங்கள். அது கைக்கு வந்தபிறகு மனசு லேசாகிவிடும், மற்ற இடங்கள் கண்ணில் படத் தொடங்கும்.

தாஜைப் பொறுத்தவரை, எந்த நேரத்தில் எந்தப் பக்கத்தில் வெயில் விழும் என்று தெரிந்துகொண்டு போகிறவருக்கும் தெரியாமல் போகிறவருக்கும் படத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. விலை உயர்ந்த கேமரா அந்த வித்தியாசத்தை ஈடுகட்டாது. கீழே நான் சொல்வதில் பாதி இந்த வெயில் கணக்குத்தான்.

எந்த மாதம் போவது நல்லது?

தாஜின் முகப்பு தெற்கு நோக்கி இருக்கிறது. பெரிய வாசலைத் தாண்டி உள்ளே வந்து நிற்கும்போது நாம் வடக்கே பார்த்து நிற்கிறோம். வலது கைப்பக்கம் கிழக்கு, இடது கைப்பக்கம் மேற்கு, கட்டடத்துக்குப் பின்னால் யமுனை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

டிசம்பரில் சூரியன் தென்கிழக்கில் உதித்துத் தென்மேற்கில் மறைகிறது. ஆக்ராவில் அப்போது நண்பகலில்கூட அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 40 டிகிரி உயரத்தைத் தாண்டுவதில்லை. அதனால் பகல் முழுக்க முகப்பின்மேல் சாய்வான வெயில் விழுகிறது. காலையில் வலப்பக்கத்திலிருந்து, மாலையில் இடப்பக்கத்திலிருந்து. வளைவுகளின் உட்குழிவில் நிழல் விழுந்து கட்டடம் திரட்சியாகத் தெரியும்.

ஜூனில் எல்லாம் தலைகீழ். சூரியன் வடகிழக்கில் உதிக்கிறது. ஐந்தரை மணிக்கு நீங்கள் ஆசை ஆசையாக முன்னால் போய் நின்றால் முகப்பு நிழலில் கிடக்கும், பக்கவாட்டில் கிழக்குச் சுவர்தான் மின்னிக்கொண்டிருக்கும். நண்பகலில் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேரே வந்துவிடுவதால் பளிங்கில் மேடு பள்ளமே தெரியாது. மே மாதம் நான் போனபோது இது தெரியாமல் குளத்தின் முன்னால் முக்கால் மணி நேரத்தை வீணாக்கினேன். கிழக்குப் பக்கம் போய் நின்றிருக்க வேண்டும். தாஜின் நான்கு முகங்களும் ஒரே அமைப்பு என்பதால் வெயில் இருக்கிற முகத்தைத் தேடிப் போவதில் நஷ்டமே கிடையாது.

என்னைக் கேட்டால் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை. சூரியன் இன்னும் தெற்குப் பக்கம்தான் இருக்கும், மூடுபனி குறைந்திருக்கும், வெயிலும் தாங்கக்கூடியதாக இருக்கும். அடுத்தபடியாக அக்டோபர்.

விடியற்காலையிலேயே போய்த்தான் ஆக வேண்டுமா?

ஆமாம். தாஜ்மகால் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு திறந்து, அஸ்தமனத்துக்கு அரை மணி முன்பு மூடிவிடும். உதயத்துக்கு ஒரு மணி முன்பே டிக்கெட் கவுன்டர் திறந்துவிடும். டிசம்பர் கடைசியில் உதயம் ஏழு மணியை ஒட்டி. ஜூனில் ஐந்தரைக்கும் முன்னால். வரிசையில் முதல் ஐம்பது பேருக்குள் இருந்தால், உள்ளே போனதும் பத்துப் பதினைந்து நிமிடம் தோட்டம் ஏறக்குறைய காலியாகக் கிடைக்கும். ஒன்பது மணிக்கு மேல் அந்த அமைதி திரும்ப வராது.

வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று தொழுகைக்கு மட்டுமே அனுமதி. ரயில் டிக்கெட் போடும்போதே கிழமையைப் பார்த்துவிடுங்கள்.

டிக்கெட் எவ்வளவு? எவ்வளவு நேரம் உள்ளே இருக்கலாம்?

இந்தியர்களுக்கு நுழைவுக் கட்டணம் 50 ரூபாய். கல்லறைக் கட்டடம் நிற்கும் பளிங்கு மேடைக்கு ஏற வேண்டுமென்றால் இன்னொரு 200 ரூபாய். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. இணையத்திலேயே வாங்கிவிடலாம், காலையில் அது பெரிய உதவி. டிக்கெட் மூன்று மணி நேரத்துக்குத்தான் செல்லும். படம் எடுக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் நெருக்கடிதான். காலை வெளிச்சமும் மாலை வெளிச்சமும் இரண்டுமே வேண்டுமென்றால் இரண்டு முறை டிக்கெட் வாங்கி இரண்டு முறை போவதுதான் வழி. நான் அப்படித்தான் செய்கிறேன்.

200 ரூபாயை மிச்சம் பிடிக்காதீர்கள். பளிங்கைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்க அந்த டிக்கெட் வேண்டும்.

என்னவெல்லாம் கொண்டுபோகக் கூடாது?

கேமராவை நிறுத்தும் முக்காலி (டிரைபாட்) கூடாது. டிரோன் கூடவே கூடாது. தாஜைச் சுற்றியுள்ள பகுதியில் பறக்கவிட்டாலே காவல் துறை நடவடிக்கை எடுக்கும். சாப்பாட்டுப் பொருள், புகையிலை, தீப்பெட்டி, பெரிய பை எதையும் விடமாட்டார்கள். வாசலில் மத்திய தொழிற் பாதுகாப்புப் படையினர் பையைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். தடை செய்த பொருள் இருந்தால் வெளியே லாக்கரில் வைத்துவிட்டு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். அந்த இருபது நிமிடத்தில்தான் வானம் ரோஜா நிறத்திலிருந்து வெள்ளைக்கு மாறிவிடும். எனக்கு அப்படி ஒரு விடியல் கையைவிட்டுப் போனது, மடக்கினால் ஒரு சாண் நீளமே இருந்த சிறிய முக்காலி ஒன்றால். அன்றிலிருந்து ஒரு கேமரா, இரண்டு லென்ஸ், ஒரு உபரி பேட்டரி, லென்ஸ் துடைக்கத் துணி, தண்ணீர் பாட்டில். இவ்வளவுதான் கொண்டுபோகிறேன்.

சாதாரண ஸ்டில் கேமராவுக்கும் செல்போனுக்கும் தனி அனுமதி தேவையில்லை. வீடியோ கேமரா என்றால் நுழைவாயிலை ஒட்டிய சிவப்பு மணற்கல் மேடைவரைதான். விளம்பரம், சினிமா போன்ற வணிகப் படப்பிடிப்புக்கு இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

கல்லறை அறைக்குள் படம் எடுக்கலாமா?

கூடாது. 2018இல் தொல்லியல் துறை தன் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னங்களில் படம் எடுக்கும் தடையைப் பெரும்பாலும் தளர்த்தியபோதும், அஜந்தா ஓவியங்கள், லே அரண்மனை ஓவியங்கள், தாஜின் கல்லறைக் கட்டடத்து உட்புறம் ஆகிய மூன்றுக்கும் தடை நீடித்தது. செல்போனை மறைவாக வைத்து எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். அது ஒரு பெண்ணின் சமாதி. பின்னால் அவள் கணவனும் அங்கேயே பக்கத்தில் அடக்கமானான். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, குவிமாடத்தின் அடியில் யாராவது மெதுவாகக் குரல் எழுப்பினால் அது எவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி ஒலிக்கிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

எந்த லென்ஸ் எடுத்துப் போவது? செல்போன் போதாதா?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரிய வாசலிலிருந்து தாஜ் ஏறத்தாழ 300 மீட்டர் தள்ளி இருக்கிறது. மேடையின் மூலையில் நிற்கும் ஒரு மினாரிலிருந்து (கோபுரத்திலிருந்து) அடுத்த மினார்வரை சுமார் 95 மீட்டர். முழு அளவு சென்சார் (ஃபுல் ஃப்ரேம்) கேமராவில் 24 மிமீ லென்ஸ் (இந்த எண் கூடக்கூடக் கோணம் குறுகும், பொருள் பெரிதாகத் தெரியும்) அந்தத் தூரத்தில் 450 மீட்டர் அகலத்தை வளைத்துப் பிடிக்கும். ஆக, தாஜ் படத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். மீதி எல்லாம் புல், வானம், மனிதர்கள். செல்போனின் சாதாரண கேமராவும் ஏறக்குறைய இதே கோணம்தான். நேரில் அவ்வளவு பெரியதாகத் தெரிந்தது படத்தில் பொம்மைபோல் வந்துவிட்டதே என்று பலர் வருத்தப்படுவது இதனால்தான்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, வாசலிலேயே நின்று 85 அல்லது 100 மிமீ போடுங்கள். நான்கு மினார்களோடு தாஜ் படத்தின் சட்டத்தை (ஃப்ரேமை) நிறைத்துவிடும். பின்னால் இருக்கிற இரண்டு மினார்களும் முன்னால் இழுத்து வந்ததுபோல் சேர்ந்து நிற்கும். இல்லையென்றால் தோட்டத்தின் நடுவிலிருக்கும் பளிங்குத் தொட்டிவரை நடந்துபோய் 35 மிமீ. இரண்டுமே நல்ல படங்கள், ஆனால் இரண்டும் வேறுவேறு படங்கள்.

செல்போன் போதுமா என்றால், பகலில் தாராளமாகப் போதும். ஒன்றே ஒன்று, விரலால் இழுத்து ஜூம் செய்யாதீர்கள். போனில் தூரத்தைக் கிட்டே இழுக்கும் டெலி லென்ஸ் தனியாக இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் நடங்கள். ஒரே லென்ஸோடு போக வேண்டும் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் நான் 24–105 மிமீ ஜூம் லென்ஸ் எடுத்துப் போவேன்.

வெள்ளைப் பளிங்கு என் படத்தில் மட்டும் சாம்பல் பூத்ததுபோல் வருகிறதே?

கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். பளிங்கு சட்டத்தை நிறைத்தால் அதையும் மங்கலாக்கிவிடும். வெளிப்பாட்டை (எக்ஸ்போஷர், அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தின் அளவு) முக்கால் முதல் ஒரு ஸ்டாப்வரை கூட்டி வையுங்கள். ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு. செல்போனில் என்றால் பளிங்கின்மேல் தொட்டுவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளினால் போதும். வெயில் நேராக அடிக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். குவிமாடத்தின் விளிம்பு வெளுத்துப்போய்விட்டால் அதை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

இன்னொன்று நிறம். விடியலில் தாஜின் பளிங்கு (ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்து வந்தது) இளஞ்சிவப்பாகவும், சூரியன் ஏறினதும் வெண்ணெய் நிறமாகவும், அப்புறம் பளீர் வெள்ளையாகவும் மாறும். வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ், நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் விட்டால் கேமரா அந்த இளஞ்சிவப்பைத் தவறு என்று நினைத்துத் திருத்திவிடுகிறது. பகல் வெளிச்சம் என்ற அமைப்பில் நிறுத்திவிடுங்கள், கண்ணால் பார்த்தது வரும்.

நீரில் தெரியும் பிம்பம் சரியாக வர என்ன செய்வது?

குனிய வேண்டும். நின்றபடி எடுத்தால் குளத்தில் வானம்தான் தெரியும், குவிமாடம் பாதியில் வெட்டுப்படும். ஓரத்துக் கல்லில் முழங்கையை ஊன்றி, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே கேமராவை வைத்துப் பாருங்கள். பிம்பம் முழுசாக இறங்கிவரும். நீரூற்றுகள் ஓடிக்கொண்டிருந்தால் பிம்பம் உடைந்துவிடும், காற்று கிளம்பினாலும் அப்படியே. காற்றில்லாத அதிகாலைக்கு இதற்காகவும் மதிப்பு உண்டு. போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டிக் கண்ணாடி) மாட்டியிருந்தால் சுழற்றிப் பார்த்துவிட்டு எடுங்கள், தவறான பக்கம் திரும்பியிருந்தால் பிம்பத்தையே அது அழித்துவிடும்.

மினார்கள் உள்பக்கம் சாய்ந்து விழுவதுபோல் வருகின்றன. எப்படிச் சரிசெய்வது?

கேமராவை அண்ணாந்து பிடிப்பதால் வருகிற கோளாறு. பின்னால் தள்ளி நின்று கேமராவை மட்டமாகப் பிடித்தால் சரியாகிவிடும். திரையில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டால் எளிது.

மென்பொருளில் நிமிர்த்துகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தாஜின் மினார்கள் உண்மையிலேயே வெளிப்பக்கமாக இம்மியளவு சாய்த்துக் கட்டப்பட்டவை. நிலநடுக்கம் வந்து விழுந்தாலும் நடுக்கட்டடத்தின்மேல் விழாமல் வெளியே விழட்டும் என்ற முன்யோசனை என்பார்கள். எனவே மினாரை அளவுகோலாக வைத்து நிமிர்த்தாதீர்கள். நடுக்கட்டடத்தின் செங்குத்து விளிம்புகளை வைத்து நிமிர்த்துங்கள்.

கூட்டம் இல்லாமல் எடுக்க முடியுமா?

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் முதல் படிக்கட்டிலேயே நின்றுவிடுவார்கள். நான் அங்கே இரண்டே படம் எடுத்துக்கொண்டு, பக்கவாட்டு மரநிழல் பாதை வழியாக நேராகக் கட்டடத்துப் பக்கம் போய்விடுவேன். கூட்டம் வாசலில் இருக்கும்போது நான் மேடைக்கருகில், கூட்டம் மேடைக்கு வரும்போது நான் கிழக்குக் கோடியில். இப்படி எதிர்த்திசையில் நடந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சட்டத்தில் கீழ்ப்பகுதியை விட்டுவிட்டு மேல்பாதியை மட்டும் எடுப்பது இன்னொரு வழி. குவிமாடம், அதைச் சுற்றிய சிறு மண்டபங்கள், ஒரு மினார், ஒரு கிளிக்கூட்டம். அங்கே பச்சைக்கிளிகள் நிறைய. ஆனால் மனிதர்களே கூடாது என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம் என்பேன். 73 மீட்டர் உயரம் என்பது யாராவது ஒருவர் அடியில் நின்றால்தான் கண்ணுக்குப் புரியும். என்னிடம் இருப்பதில் எனக்கு மிகவும் பிடித்த படம், நீளமான துடைப்பத்தோடு மேற்கு மணற்கல் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டே போன ஒரு பெரியவருடையது. முகம் தெரியாது. அவ்வளவு பெரிய வெள்ளைச் சுவரின் முன்னால் வளைந்த ஒரு முதுகும் நீண்ட நிழலும் மட்டும்தான்.

கிட்டத்தில் போய் எடுக்க என்ன இருக்கிறது?

இதைக் கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும், ஏனென்றால் அதிகம் பேர் கேட்பதில்லை. தாஜ் தூரத்தில் ஒரு கட்டடம், பக்கத்தில் போனால் நகைவேலை.

முதலில் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். இடுப்பளவு உயரத்தில் பளிங்கிலேயே புடைத்துச் செதுக்கிய பூச்செடிகள் வரிசையாக நிற்கும். அல்லி, டியூலிப் மாதிரியான பூக்கள். நேர்வெயிலில் அவை கண்ணிலேயே படாது. வெயில் சுவரை ஒட்டி உரசிக்கொண்டு போகும் நேரத்தில், குளிர்கால விடியலில் தெற்குச் சுவரில், ஒவ்வொரு இதழுக்கும் ஒரு நிழல் முளைக்கும். ஒரு செடியில் இலையொன்று முனையில் மடங்கித் திரும்பியிருக்கும்; கல்லில் அப்படி ஒரு மடிப்பைக் கொண்டுவந்த கையை நினைத்து நான் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கூட வந்தவர்கள் தேடிக்கொண்டு வரும்வரை.

அதற்கு மேலே கல் பதித்த வேலை. பர்ச்சின் காரி என்பார்கள். பளிங்கில் பூவின் வடிவத்துக்குப் பள்ளம் வெட்டி, அதே வடிவத்தில் அறுத்த வண்ணக் கற்களை ஒட்டுத் தெரியாமல் பொருத்துவது. நீலத்துக்கு லாபிஸ் லசுலி, சிவப்புக்குக் கார்னீலியன், பச்சைக்கு ஜேடு, இன்னும் ஜாஸ்பர். கார்னீலியனில் வெளிச்சம் ஊடுருவும். சாய்வான வெயில் படும்போது சிவப்பு இதழ் மட்டும் தணல்போல் உள்ளிருந்து எரியும், பக்கத்தில் இருக்கிற நீலக்கல் அப்படியே மௌனமாக இருக்கும். செல்போனின் மேக்ரோ (மிக அருகிலிருந்து எடுக்கும்) வசதியிலேயே இது அழகாக வரும். விரலால் சுரண்டவோ, ஃப்ளாஷ் அடிக்கவோ வேண்டாம். பளபளப்பான கல்லில் ஃப்ளாஷ் ஒரு வெள்ளைப் பொட்டைத்தான் தரும்.

அப்புறம் எழுத்து. வளைவுகளைச் சுற்றி ஓடும் குர்ஆன் வசனங்களின் கருப்பு எழுத்துகள் அமானத் கானின் கைவண்ணம். கீழேயிருந்து பார்க்கிறவருக்கு எல்லா எழுத்தும் ஒரே அளவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மேலே போகப்போக எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். 200 மிமீ லென்ஸில் உச்சியில் உள்ள ஒரு வரியையும், பிறகு கண்மட்டத்தில் உள்ள ஒரு வரியையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வளைவுக்குள் தாஜ் தெரிகிறாற்போல் எடுக்கும் படம் எங்கே கிடைக்கும்?

மூன்று இடம். முதலாவது பெரிய வாசலின் இருட்டு. அதற்குள் நின்று பார்த்தால் வளைவு கருப்புச் சட்டமாகவும் தாஜ் நடுவில் வெளிச்சமாகவும் இருக்கும். வெளிப்பாட்டைத் தாஜுக்கு வைத்துவிடுங்கள், வளைவு கருத்தால் கருக்கட்டும். இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு: வாசலை நோக்கி முன்னே நடக்க நடக்கத் தாஜ் சிறிதாவதுபோலவும், பின்னால் போகப் போகப் பெரிதாவதுபோலவும் தெரியும். சட்டம் மாறுவதால் கண் ஏமாறுகிறது. நாலடி முன்னும் பின்னும் நகர்ந்து பார்த்துவிட்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மற்ற இரண்டும் தாஜின் இரு பக்கத்திலும் இருக்கும் சிவப்பு மணற்கல் கட்டடங்கள். மேற்கே மசூதி, கிழக்கே அதற்கு ஜோடியாகச் சமச்சீருக்காகக் கட்டிய ஜவாப். காலையில் கிழக்குக் கட்டடத்துக்குள் நின்று எடுத்தால் தாஜின் கிழக்குச் சுவர் வெயிலில் இருக்கும். மாலையில் மசூதிப் பக்கம். மாற்றிப் போனால் கட்டடம் நிழலுருவாகத்தான் வரும். அதுவும் ஒரு படம்தான், தெரிந்தே எடுத்தால்.

மேத்தாப் பாக், ஆக்ரா கோட்டை, இரண்டில் எது?

மேத்தாப் பாக் யமுனைக்கு எதிர்க்கரையில், தாஜுக்கு நேர் வடக்கே இருக்கும் தோட்டம். தனி டிக்கெட். 1990களில் நடந்த அகழாய்வில் அங்கே பெரிய எண்கோணக் குளம் ஒன்று வெளிப்பட்டது. ஷாஜகான் எதிர்க்கரையில் கருப்புத் தாஜ் கட்டத் தொடங்கினார் என்று சொல்லிக்கொண்டிருந்த கதைக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. மாலையில் அங்கே போகச் சொல்லி எல்லோரும் சொல்வார்கள். கோடையில் சரி, சூரியன் வடமேற்கில் மறைவதால் தாஜின் வடக்கு முகத்தில் பொன்னிற வெயில் விழும். டிசம்பரில் சூரியன் தாஜுக்குப் பின்னால் தென்மேற்கில் மறையும். கருநிழல் உருவமும் ஆரஞ்சு வானமும் கிடைக்கும். எது வேண்டுமோ அதற்கேற்ற மாதத்தில் போங்கள்.

கோட்டையிலிருந்து தாஜ் ஏறக்குறைய நேர் கிழக்கே இரண்டு கிலோமீட்டர். 200 மிமீ லென்ஸில்கூட அது படத்தின் கால்பங்கு அகலம்தான் வரும். மாலை வெயில் நேராக அதன்மேல் விழும். மகன் ஔரங்கசீப் சிறைவைத்த ஷாஜகான் 1666இல் இறக்கும்வரை அங்கிருந்துதான் தாஜைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டையில் தாஜைப் பார்த்தபடி இருக்கும் முசம்மன் புர்ஜ் என்ற எண்கோணக் கோபுரத்தின் தூண்களையும் சேர்த்துப் படம் எடுத்தால் தாஜ் சிறிதாக இருப்பதே பொருத்தமாகப் படும்.

ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது என்றால் குளிர்காலத்தில் கோட்டை, கோடையில் மேத்தாப் பாக்.

பௌர்ணமி இரவில் போகலாமா?

போகலாம். பௌர்ணமி அன்றும், முன்னும் பின்னும் இரண்டு இரவுகளும், ஆக ஐந்து இரவுகள். வெள்ளிக்கிழமையும் ரமலான் மாதமும் கிடையாது. 2004இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த பிறகு மறுபடி தொடங்கியது. இரவு எட்டரையிலிருந்து பன்னிரண்டரைவரை, ஐம்பது ஐம்பது பேராக, ஆளுக்கு அரை மணி நேரம். டிக்கெட் முன்கூட்டியே எடுக்க வேண்டும்.

எதிர்பார்ப்பைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு போங்கள். நம்மை நிறுத்துவது வாசலை ஒட்டிய மேடையில். தாஜ் அங்கிருந்து 300 மீட்டர். மின்விளக்கு அலங்காரம் எதுவும் கிடையாது. நிலா வெளிச்சம் மட்டும்தான். முக்காலியும் இல்லை. ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளியுணர்திறன்) 3200, லென்ஸின் துளையை எஃப் 2 என்று அகலமாக வைத்தாலும் ஒரு படத்துக்கு அரை வினாடியிலிருந்து ஒரு வினாடிவரை ஆகும். கைப்பிடியில் அது ஆடும். கேமராவை எதன்மேலாவது அழுத்தி வைத்து, இரண்டு வினாடி டைமரில் எடுங்கள். நிலாவையும் தாஜையும் ஒரே வெளிப்பாட்டில் சரியாகக் கொண்டுவர முடியாது, முயல வேண்டாம். ஐந்து நிமிடம் படத்துக்கு, மீதி இருபத்தைந்து நிமிடம் கண்ணுக்கு. கண் இருட்டுக்குப் பழகப் பழகக் கட்டடம் மெல்ல மெல்லத் துலங்கிவரும். அந்த நேரத்தில் கேமராவின் திரையைப் பார்த்தால் பழகிய கண் மறுபடி கெட்டுவிடும்.

மூடுபனியில் மாட்டிக்கொண்டால்?

டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முழுக்க இதற்கு வாய்ப்பு அதிகம். ஒரு ஜனவரியில் நான் உள்ளே போனபோது எதிரில் ஒன்றுமே இல்லை. குளமும், அதன் கோடியில் ஒரு வெள்ளைத் திரையும்தான். பலர் அலுத்துப்போய்த் திரும்பினார்கள். ஒன்பதே கால் மணிக்குக் கலசம் மட்டும் முதலில் தெரிந்தது, ஆகாயத்தில் தொங்கிக்கொண்டு. அப்புறம் குவிமாடத்தின் ஒரு பக்கம். மினார்கள் வருவதற்கு இன்னும் கால் மணி ஆனது. அந்தக் கால் மணியில் எடுத்த படங்களைப்போல் தெளிந்த வானத்தில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மூடுபனியில் தானியங்கி ஃபோகஸ் தடுமாறும். பக்கத்து மரத்தின் விளிம்பு மாதிரி கொஞ்சம் அழுத்தமான கோடு எதிலாவது ஃபோகஸ் பிடித்துப் பழகுங்கள், பிறகு கையால் தூரத்துக்குத் தள்ளுங்கள். லென்ஸில் ஈரம் கோத்துக்கொண்டே இருக்கும். துடைத்துக்கொண்டே இருங்கள்.

அங்கே வந்திருக்கும் மற்றவர்களைப் படம் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். கேமராவைக் காட்டிச் சிரித்தாலே போதும், சரி என்றோ வேண்டாம் என்றோ முகம் சொல்லிவிடும். குழந்தை என்றால் தாய் தகப்பனைப் பார்த்துக் கேளுங்கள். தொழுகிறவர்களையும் காவல் பணியில் இருப்பவர்களையும் விட்டுவிடுங்கள். எடுத்த படத்தை அவர்களுக்கே உடனே அனுப்பிவைத்தால் அவர்களுக்கு வருகிற மகிழ்ச்சி தனி.

குடும்பத்தோடு போகிறேன். அவர்களையும் நன்றாக எடுக்க வேண்டுமே?

வெளிர் சுவரின் முன்னால் அடர் நிறத் துணி எடுபடும்: மஞ்சள், அரக்கு, கரும்பச்சை. அவர்களைத் தாஜின் அடியில் நிறுத்தாதீர்கள், எறும்புபோல் ஆகிவிடுவார்கள். உங்களுக்கு அருகில் நிறுத்தி, நீங்கள் உட்கார்ந்து எடுங்கள்.

1992 பிப்ரவரியில் இளவரசி டயானா தனியாக உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்ட பளிங்கு பெஞ்சு நடுத்தொட்டி மேடையில் இருக்கிறது. அதில் உட்கார எப்போதும் வரிசை நிற்கும். காலையில் முதலில் போனால் உடனே கிடைக்கும். கலசத்தை விரலால் பிடிப்பதுபோன்ற படம் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், எடுத்துக் கொடுங்கள். அதற்கு அவர்கள் உயரத்துக்குக் கேமராவை இறக்க வேண்டும்.

உள்ளே வந்து கேட்கும் போட்டோகிராபர்களிடம் எடுத்துக்கொள்ளலாமா?

அடையாள அட்டை வைத்திருக்கும் உரிமம் பெற்றவர்களிடம் எடுத்துக்கொள்ளலாம். விலையையும் எத்தனை படம் என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். குடும்பத்தில் எப்போதும் கேமராவுக்குப் பின்னாலேயே இருக்கும் ஆளுக்கு இது நல்லது. ஒரு படத்திலாவது நீங்களும் இருப்பீர்கள்.

வீட்டுக்கு வந்து எவ்வளவு எடிட் செய்யலாம்?

ரா (கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) வடிவத்தில் எடுத்திருந்தால் வேலை எளிது. மட்டத்தைச் சரிசெய்வது, நிழலைக் கொஞ்சம் திறப்பது, வெளுப்பைக் கொஞ்சம் அடக்குவது, அதோடு நான் நிறுத்திக்கொள்வேன். பளிங்குக்கு நீலச்சாயம் ஏற்றுவதும் வானத்தை மாற்றி ஒட்டுவதும் எனக்கு ஒப்பவில்லை. வட இந்தியக் காற்றில் தூசு இருக்கிறது, அடிவானம் பால் கலந்தாற்போல்தான் இருக்கும். அது அந்த ஊரின் வெளிச்சம்.

மழைக்காலத்தில் போனால் வீணா?

வீணே இல்லை. ஜூலை, ஆகஸ்டில் மேகம் திரண்டு நிற்கும்போது பளிங்கு சொந்த வெளிச்சத்தில் நிற்பதுபோல் தெரியும். தோட்டம் அப்போதுதான் உண்மையான பச்சை. மழை விட்டதும் சிவப்பு மணற்கல் முற்றம் ஈரத்தில் கருத்துச் சிவந்துவிடும். கற்களின் இணைப்புகளில் விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கும். கேமராவைத் தரையோடு தரையாக வைத்தால் அந்தச் சின்னத் தேக்கத்திலேயே முழுத் தாஜும் தலைகீழாக வந்து நிற்கும். பளிங்கு மேடை வழுக்கும், மெதுவாக நடங்கள். கேமராவுக்கு ஒரு பிளாஸ்டிக் உறையும் கைக்குட்டையும் போதும். வெயில் வந்தால் பத்து நிமிடத்தில் அந்தத் தண்ணீர் காய்ந்துவிடும், அதனால் மழை நிற்பதற்கு முன்பே முற்றத்து ஓரத்தில் போய் ஒதுங்கி நில்லுங்கள்.